நீலக் குதிரையும் தொங்கும் மாடும்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஓவிய வகுப்பில் எல்லோரையும் மாடு வரையச் சொன்னார் வாத்தியார். ஊர்த்தெருப் பிள்ளைகள் வரைந்த மாடுகள் நின்றுகொண்டிருந்தன. வெள்ளை மாடு, கழுத்தில் மணி, கொம்புக்கு வர்ணம், நெற்றியில் பொட்டு. பொங்கலுக்கு மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிற மாடு. நான் வரைந்த மாடு படுத்துக்கிடந்தது. நாலு காலும் மேலே பார்த்தபடி, வயிற்றுப் பக்கம் தோல் பாதி உரிந்து, உள்ளே செக்கச்செவேலென்று. உயிரோடு இருக்கிற மாட்டின் பின்னால் ஓடத்தான் முடியும். செத்த மாடுதான் அசையாமல் கிடக்கும், கிட்ட உட்கார்ந்து பார்ப்பதற்குத் தோதாக. எங்கப்பா தோலுரிக்கும்போது பக்கத்தில் காக்கா ஓட்டுகிற வேலை எனக்கு. அதனால் நான் நன்றாகப் பார்த்த மாடு அதுதான்.

"எந்தத் தெருடா நீ?" என்று கேட்டார் வாத்தியார். தெரியாமல் கேட்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் தாள் நாலாகக் கிழிந்துவிட்டது. அடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிவப்புக் கிரேயான் என்னுடையது இல்லை. பக்கத்துப் பையனிடம் இரவல் வாங்கியது. அவன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வெச்சுக்கடா" என்றான். அந்தத் துண்டு ரொம்ப நாள் என்னிடம் இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு நான் பேசப்போவது ஜெர்மனிக்காரர் ஒருவரைப் பற்றி. ஃபிரான்ஸ் மார்க். கல்லூரி நாட்களில் நூலகத்தில் ஒரு தடித்த ஓவியப் புத்தகத்தைப் புரட்டும்போது அவருடைய நீலக் குதிரைகள் என் கண்ணில் பட்டன. மூன்று குதிரைகள், தலையைத் தாழ்த்திக்கொண்டு, கழுத்தும் முதுகும் பின்னாலிருக்கும் குன்றுகளின் வளைவோடு சேர்ந்து ஓட, முழுக்க முழுக்க நீலம். குன்றுகள் சிவப்பு. குதிரை எங்காவது நீலமாக இருக்குமா என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. இந்த ஆளுடைய தாளை யாரும் கிழிக்கவில்லையே என்றுதான் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, கிழிக்க வந்தார்கள், கொஞ்சம் தாமதமாக வந்தார்கள் என்று.

மார்க் 1880இல் மியூனிக் நகரில் பிறந்தவர். அப்பாவும் ஓவியர், நிலக்காட்சி வரைபவர். பிள்ளை முதலில் இறையியல் படித்துப் பாதிரியார் ஆவதாக இருந்தார், பிறகு ஓவியக் கல்லூரிக்குப் போனார். வயிற்றுப்பாட்டுக்காகச் சில ஆண்டுகள் மாணவர்களுக்கு விலங்குகளின் உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். எந்த எலும்பு எங்கே பொருந்துகிறது, எந்தத் தசை எதை இழுக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. அந்த நீலக் குதிரையைப் பாருங்கள், நிறம்தான் பொய், உடம்பு பொய் இல்லை. எடை இருக்கிறது, மூச்சு இருக்கிறது. உடம்பைக் கற்றவன் நிறத்தை மாற்றினான். உடம்பு தெரியாதவன் நிறத்தை மாற்றியிருந்தால் அது வெறும் சுவரொட்டி.

மாற்றம் நடந்தது 1910, 1911இல். 1907இல் பாரிஸ் போய் வான்கோவின் படங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். 1910 தொடக்கத்தில் ஆகஸ்ட் மாக்கே என்ற இளம் ஓவியர் அவரைத் தேடி வந்தார், இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு காண்டின்ஸ்கியின் பழக்கம். 1911 டிசம்பரில் மியூனிக்கில் இவர்கள் 'நீலக் குதிரைவீரன்' என்ற பெயரில் தனிக் கண்காட்சி வைத்தார்கள். 1912இல் அதே பெயரில் ஒரு தொகுப்பு நூல் வந்தது. மார்க்கும் காண்டின்ஸ்கியும் சேர்ந்து கொண்டுவந்தது. அந்த நூலில் அவர்கள் தங்கள் படங்களுக்குப் பக்கத்திலேயே பவேரியக் குடியானவர்களின் கண்ணாடி ஓவியங்களையும், எகிப்திய நிழற்கூத்துப் பொம்மைகளையும், காலனி நாடுகளிலிருந்து அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த மரச்சிற்பங்களையும், குழந்தைகள் கிறுக்கிய படங்களையும் அச்சிட்டார்கள். எது உயர்ந்த கலை, எது தாழ்ந்த கலை என்ற வரிசையை அப்படிக் கலைத்துப் போட்டது பெரிய காரியம். குழந்தைகளின் படங்கள் அங்கே இருந்தன என்று படித்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. காலனியிலிருந்து அந்தச் சிற்பங்கள் எப்படி அங்கே வந்துசேர்ந்தன என்ற கணக்கையும் கேட்க வேண்டும், அது தனிக் கட்டுரை.

நிறங்களைப் பற்றி மார்க்குக்கு ஒரு கோட்பாடு இருந்தது. 1910 டிசம்பரில் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் அதை விரித்துச் சொல்கிறார். நீலம் ஆண், கடுமையானது, ஆன்மாவுக்குரியது. மஞ்சள் பெண், மென்மையானது, குதூகலமானது, புலன் சார்ந்தது. சிவப்பு பருப்பொருள், கனமானது, முரட்டுத்தனமானது, மற்ற இரண்டு நிறங்களும் எதிர்த்து நின்று வெல்ல வேண்டியது. இதுதான் சாரம். விலங்கு ஓவியத்தில் நிறத்தின் குறியீடு பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். மஞ்சள் பசு ஏன் துள்ளுகிறது, குதிரை ஏன் நீலம் என்பதற்கெல்லாம் இதுவே சாவி என்பார்கள்.

எனக்கு இந்தக் கடிதம் வேறொன்றை நினைவுபடுத்துகிறது. வருணம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். கடையில் வாங்குகிற வர்ணமும் அதுதான், மனுஷனை நாலாகப் பிரித்ததும் அதுதான். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பிராமணருக்கு வெள்ளை, சத்திரியருக்குச் சிவப்பு, வைசியருக்கு மஞ்சள், சூத்திரருக்குக் கறுப்பு என்று பட்டியல் போடப்பட்டிருக்கிறது. நமக்கு அதில் நிறமே கிடையாது. தட்டுக்கே வெளியே நிற்கிறோம். மார்க் சாதி பார்த்தார் என்று சொல்லவரவில்லை. அவருக்கு அந்தச் சனியனைத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. ஆனால் நிறங்களுக்கு ஆண், பெண் என்று பால் பிரித்து, ஆன்மா மேலே, பருப்பொருள் கீழே என்று அடுக்கி, கீழே கிடக்கிற சிவப்பை மற்ற இரண்டும் அடக்கியாக வேண்டும் என்று விதி செய்யும்போது, அடுக்குக்குள்ளேயே பிறந்து வளர்ந்த என் காதுக்கு அது பழகிய சத்தமாகக் கேட்கிறது. சதை, ரத்தம், மண், சாணி, தோல் எல்லாம் சிவப்புப் பக்கம். அந்தப் பக்கம்தான் எங்கள் வீடு இருந்தது.

இன்னொன்று. 1910இலிருந்து மார்க் வாழ்ந்தது சிண்டல்ஸ்டார்ஃப் என்ற பவேரியக் கிராமத்தில். மாடு கன்று நிறைந்த ஊர். அவர் வரைந்த பசுவும் குதிரையும் காட்டு மிருகங்கள் இல்லை, யாரோ கட்டித் தீனி போட்டு, சாணி அள்ளி, பால் கறந்து, வேலை வாங்கி, கடைசியில் அறுத்துத் தின்ற மிருகங்கள். அந்த யாரோ ஒருவர் அந்தப் படங்களில் பெரும்பாலும் இல்லை. மனிதர்கள் அசுத்தமானவர்கள், விலங்குகள்தான் தூய்மையானவை, அதனால் விலங்கின் கண் வழியாக உலகைப் பார்க்கப்போகிறேன் என்பது மார்க்கின் எண்ணம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் மேய்ப்பவனைத் துடைத்துவிட்டு மாட்டை மட்டும் தூய்மையாக்குகிற வித்தையை நம் ஊரில் வேறு ஆட்கள் செய்துகாட்டிவிட்டார்கள். பசு தாய், அதைத் தூக்கிப் போடுகிறவன் தீண்டத்தகாதவன். அதனால்தான் 'தூய்மையான விலங்கு' என்று யாராவது ஆரம்பித்தால் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்தப் படங்கள் என்னை விடவில்லை. 'மஞ்சள் பசு' 1911இல் வரைந்தது, இப்போது நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஆறடி அகலம். பின்னங்காலை உதைத்துக்கொண்டு பசு காற்றில் நிற்கிறது. மேலெல்லாம் மஞ்சள், இடையிடையே நீலத் திட்டு, பின்னால் நீல மலை. கண் மூடி, முகத்தில் ஒரு நிம்மதி. தன் துணைவி மரியாவை நினைத்து வரைந்த திருமணப் படம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். கயிறு அறுத்துக்கொண்டு ஓடுகிற கிடாரியை விரட்டிப் பிடித்தவனுக்குத் தெரியும், அது முதல் பத்து நொடி இப்படித்தான் துள்ளும். பயமே இருக்காது. பிறகுதான் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும். மார்க் அந்தப் பத்து நொடியைப் பிடித்துவிட்டார். பெண்மை, மென்மை என்ற கோட்பாட்டுக்கு அந்த உதை அடங்கவில்லை.

கோட்பாடு உடைந்து போகிற இடம் 1913. 'விலங்குகளின் விதி' என்ற படம். ஆறடிக்கு மேல் உயரம், எட்டரை அடிக்கு மேல் அகலம். காடு சரிகிறது. நடுவில் நீல மான் ஒன்று கழுத்தை அண்ணாந்து நிற்கிறது, அதன் மேல் மரம் விழப்போகிறது. மேலே இடப்பக்கம் பச்சைக் குதிரைகள் மிரண்டு திரும்புகின்றன. கீழே பன்றிகள். வலப்பக்கம் மான்கள் கூட்டமாக. குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு கீறிக்கொண்டு போகிறது. நீலமும் மஞ்சளும் சிவப்பை வெல்லவில்லை, எல்லா நிறமும் சேர்ந்து எரிகிறது. அவர் முதலில் வைத்த தலைப்பு, மரங்கள் தம் வளையங்களைக் காட்டின, விலங்குகள் தம் நரம்புகளைக் காட்டின என்ற பொருளில் அமைந்தது. இப்போதுள்ள தலைப்பு நண்பர் பால் க்ளே சொன்னது. எனக்கு முதல் தலைப்புதான் பிடிக்கும். வெட்டின மரத்தையும் உரித்த மாட்டையும் பார்த்தவன் எழுதுகிற தலைப்பு அது. படத்தின் பின்பக்கம் மார்க் எழுதிவைத்திருக்கிறார், இருப்பதெல்லாம் எரிகிற துயரம் என்ற பொருளில். அதைப் படித்தவுடன் நம்மில் பலருக்குக் கயையில் புத்தர் பேசிய தீ உரை நினைவுக்கு வரும். கண் எரிகிறது, காண்பது எரிகிறது, மனம் எரிகிறது என்று போகிற உரை.

அடுத்த ஆண்டே உலகப் போர். இங்கே மார்க்கைக் காப்பாற்றிப் பேச எனக்கு மனசில்லை. அவர் இழுத்துக்கொண்டு போகப்பட்டவர் இல்லை, தானே முன்வந்து சேர்ந்தவர். போர் ஐரோப்பாவைச் சுத்திகரிக்கும் என்று நம்பினார். மறுபடியும் தூய்மை. தூய்மை என்ற சொல் எங்கே போனாலும் பின்னாலேயே யாருடைய ரத்தமோ வருகிறது. 1914 செப்டம்பரில் மாக்கே போர்முனையில் செத்தார். 1915 மார்ச்சில், போர்முனையில் இருந்த மார்க்குக்கு 'விலங்குகளின் விதி' அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று வந்தது. அதைப் பார்த்து அவரே அதிர்ந்துபோனார். இது இந்தப் போரின் முன்னறிவிப்பு, நானா இதை வரைந்தேன் என்ற தொனியில் மரியாவுக்கு எழுதினார். அதற்கு அடுத்த மாதம் எழுதிய கடிதத்தில், விலங்குகளிடமும் அசிங்கத்தைக் காணத் தொடங்கிவிட்டதாகவும் அதனால்தான் தன் ஓவியம் அருவத்தை நோக்கிப் போனதாகவும் சொல்கிறார். தூய விலங்கு என்ற நம்பிக்கை அவர் கையிலேயே கலைந்துவிட்டது. 1916 தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, பீரங்கிகளை விமானத்தின் கண்ணிலிருந்து மறைக்கத் தார்ப்பாய்களில் வண்ணம் தீட்டுவது. 1916 மார்ச் 4ஆம் தேதி, வெர்டனுக்குப் பக்கத்தில், உளவு பார்க்கக் குதிரையில் போனபோது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். வயது 36. குதிரையை நீலமாக்கியவர் குதிரை மேலேயே முடிந்தார். அந்தப் போரில் செத்த குதிரைகள் பல லட்சம். அவற்றின் நிறத்தைப் பற்றி யாரும் கோட்பாடு எழுதவில்லை.

'விலங்குகளின் விதி' அவர் இறந்த பிறகு ஒரு கிடங்கில் நடந்த தீ விபத்தில் சிக்கியது. வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு சேதம். க்ளே அதைச் சரிசெய்தார். அந்தப் பகுதி மட்டும் மங்கின பழுப்பாக, மற்ற பகுதியோடு ஒட்டாமல் நிற்கிறது. பழைய பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர அவர் முயலவில்லை. வெந்த இடம் வெந்த இடமாகவே தெரிகிறது.

இனி கிழிக்க வந்தவர்கள் கதை. 1937 ஜூலையில் நாஜிகள் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். நவீன ஓவியங்களை அருங்காட்சியகங்களிலிருந்து பறித்து, கேலி வாசகங்களோடு மாட்டினார்கள். அதில் மார்க்கின் 'நீலக் குதிரைகளின் கோபுரமும்' இருந்தது. 1913இல் வரைந்தது, ஆறரை அடி உயரம், நாலு குதிரைகள் ஒன்றின் மேல் ஒன்றாக. பெர்லின் தேசியக் கலைக்கூடம் 1919இல் வாங்கியது. இங்கேதான் வேடிக்கை. படைவீரராக நாட்டுக்காகச் செத்தவரின் படத்தை இங்கே எப்படி வைக்கலாம் என்று முன்னாள் ராணுவ அதிகாரிகள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. படத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு அது கோரிங்கின் கைக்குப் போனது. 1945க்குப் பிறகு எங்கே என்று தெரியவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. 'விலங்குகளின் விதி' ஹாலே நகர அருங்காட்சியகத்திலிருந்து பறிக்கப்பட்டு, 1939இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. சீரழிந்த படமாக இருந்தாலும் வெளிநாட்டுக் காசு சீரழிந்ததில்லை.

கோபுரத்துக்கான முன்வரைவு ஒன்று தப்பித்திருக்கிறது. 1913 புத்தாண்டு வாழ்த்தாக ஒரு அஞ்சலட்டையில் மார்க் வரைந்து அனுப்பியது. வாங்கியவர் எல்ஸ லாஸ்கர் ஷூலர் என்ற யூதக் கவிஞர். குதிரைகளின் மேல் பிறையும் நட்சத்திரமும் போட்டிருப்பார், அவை அந்தக் கவிஞரின் சின்னங்கள். அவருக்குக் காசு பணம் கிடையாது, வீடு நிலையில்லை. 1933இல் ஜெர்மனியைவிட்டு ஓடி, 1945இல் ஜெருசலத்தில் இறந்தார். மார்க்குக்கு ராணுவ அதிகாரி என்ற கவசம் இருந்தது, செத்தபிறகும் வேலை செய்தது. அவருக்கு எந்தச் சங்கமும் மனு கொடுக்கவில்லை. ஆறரை அடிப் படம் போய்விட்டது. உள்ளங்கை அகலத்தில் அவருக்கு வந்த அட்டைதான் மிச்சம்.

'நரிகள்' என்ற படத்தின் கதையும் இதேதான். 1913இல் வரைந்தது. பெர்லினில் வாழ்ந்த குர்ட் கிராவி என்ற யூதருடைய சொத்து. அவர் 1938இல் சித்திரவதை முகாமில் அடைபட்டு, அடுத்த ஆண்டு சிலிக்குத் தப்பிப் போனார். பிழைப்புக்காகப் படத்தை விற்க வேண்டியதாயிற்று. பல கை மாறி டூசல்டார்ஃப் நகரத்துக்கு வந்தது. 2021இல் அந்த நகரமன்றம் படத்தை அவருடைய வாரிசுகளிடம் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தது. 2022 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் 4 கோடியே 26 லட்சம் பவுண்டுக்குப் போனது. பறித்ததைத் திருப்பிக் கொடுப்பது என்று ஒன்று உலகத்தில் நடக்கிறது. எண்பது வருஷம் ஆனாலும் பத்திரம் பார்த்து, விசாரித்து, கொடுக்கிறார்கள். பஞ்சமி நிலத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் இந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன்.

மார்க் அடக்கவேண்டியதாகச் சொன்ன நிறத்தை எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்ட ஓவியர் ஒருவர் உண்டு. ஹாயிம் சுட்டீன். 1893இல் மின்ஸ்க் நகருக்குப் பக்கத்தில் ஸ்மிலோவிச்சி என்ற ஊரில் பிறந்த யூதர். இன்றைய பெலாரஸ். அப்பா துணி தைத்து ஒட்டுப்போட்டுப் பிழைத்தவர். பதினோரு பிள்ளைகளில் இவர் பத்தாவது. படம் வரைவதே பாவம் என்று கருதிய ஊரில், மதப் பெரியவர் ஒருவரை வரையப்போய் அடி வாங்கினார் என்றும், அந்த அடிக்குக் கிடைத்த நஷ்டஈட்டில்தான் ஓவியம் படிக்கக் கிளம்பினார் என்றும் சொல்வார்கள். 1913இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். பட்டினி, குடல்புண். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவர் ஐம்பதுக்கு மேல் படங்களை மொத்தமாக வாங்கிய பிறகுதான் கையில் காசு வந்தது.

காசு வந்தவுடன் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1925 வாக்கில் கறிக்கூடத்திலிருந்து முழு மாட்டை வாங்கிவந்து தன் அறையில் தொங்கவிட்டார். லூவரில் இருக்கும் ரெம்பிராண்டின் 1655ஆம் வருஷத்து உரித்த மாடு அவருக்கு ஆதர்சம். நாள் கணக்கில் வரைந்தார். கறி காய்ந்து கறுக்க ஆரம்பித்தால் வாளியில் ரத்தம் கொண்டுவரச் சொல்லி மேலே ஊற்றி நிறத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். அவர்களே கடைசியில் ஃபார்மலின் ஊசி போட்டுக் கெடாமல் வைக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பார்கள். சிறுவயதில் ஊரில் கசாப்புக்காரர் ஒரு பறவையின் கழுத்தை அறுத்து ரத்தம் வடித்ததைப் பார்த்தபோது தொண்டையில் எழுந்த கத்தல் அங்கேயே நின்றுவிட்டதாகவும், மாட்டை வரைந்ததெல்லாம் அந்தக் கத்தலை வெளியே எடுக்கத்தான் என்றும் அவர் நண்பரிடம் சொல்லியிருக்கிறார்.

யூத வழக்கத்தில் ரத்தம் விலக்கு. கறியிலிருந்து ரத்தத்தை வடித்து, உப்புப் போட்டு எடுத்த பிறகே சமைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் வாளி வாளியாக ரத்தம் ஊற்றி வரைந்தார் என்றால், அது சும்மா நிறத்துக்காகச் செய்த காரியமாக எனக்குப் படவில்லை. அந்தச் சிவப்பில் குறியீட்டு அட்டவணை எதுவும் இல்லை. இது பருப்பொருள், இதை ஆன்மா வெல்ல வேண்டும் என்ற பேச்சில்லை. நீலமும் அங்கே இருக்கிறது, பின்னால் சுவரில், கறியின் சந்துகளில். சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது, மேலே ஏறி உட்காரவில்லை. ஜெர்மானியர்கள் பாரிசைப் பிடித்த பிறகு சுட்டீன் கிராமம் கிராமமாக ஒளிந்து வாழ்ந்தார். 1943 ஆகஸ்டில் குடல்புண் வெடித்து, அறுவை சிகிச்சைக்காக ஒளித்துக் கொண்டுவரப்பட்டு, பாரிசில் இறந்தார். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் மார்க்கின் மூன்று நீலக் குதிரைகளும், இன்னொரு அருங்காட்சியகத்தில் சுட்டீனின் தொங்கும் மாடும் இருக்கின்றன. ஒரே ஊரில். யாரும் திட்டமிட்டது கிடையாது.

தோழர்கள் சிலர் கேட்பார்கள், செத்த மாட்டை அழகாக்கப் போகிறாயா என்று. நியாயமான கேள்வி. 1927 மார்ச்சில் மகாடில் கூடிய மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டைத் தூக்காதே, அந்தக் கறியைத் தின்னாதே என்றார். எங்கள் சேரியிலும் அந்த வேலையை விட்டது சண்டை போட்டுத்தான். விட்ட வருஷம் ஊர் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை. அதைக் கொண்டுபோய் ஓவியமாக மாட்டி ரசிக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ததற்காக நாங்கள் வெட்கப்பட வேண்டும் என்று வைத்தவர்களும், அதே மாட்டுத்தோலில் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தவர்களும் ஒரே ஆட்கள். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்குள்ள தலித்துகள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிவந்து அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். உன் தாய், நீயே எடு என்று. அந்தச் செய்திப் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்குச் சுட்டீன்தான் நினைவுக்கு வந்தார். நாற்றம் தாங்காமல் அதிகாரிகள் ஓடிவந்தது உட்பட.

நீலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்பேத்கர் இயக்கத்தின் கொடி நீலம். அதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், வானம் என்பார்கள், அவருடைய கோட்டு என்பார்கள். மார்க்கின் அட்டவணைப்படி அது ஆண், ஆன்மா. எங்கள் தெருவில் அந்தக் கொடியைத் தைத்தது என் அத்தை. பழைய பாவாடைத் துணியில். சாயம் போய் வெளிறின அந்த நீலத்துக்கு எந்தக் கோட்பாடும் பொருந்தாது.

எங்கப்பாவுக்கு இப்போது வயசாகிவிட்டது. போன வருஷம் இரண்டு படங்களையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். நீலக் குதிரைகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நல்லா மேஞ்ச குதிரைடா. பாரு, வயிறு ரொம்பியிருக்கு" என்றார். நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு தொங்கும் மாட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். விரலால் விலாவைத் தொட்டுக்கொண்டே போனார்.

"இது அன்னிக்கி அறுத்தது இல்லியே. கொழுப்பு மஞ்சளாயி நாளாச்சுன்னு காட்டுது. அப்புறம் எப்படி இங்க மட்டும் இம்மாஞ் செவப்பா இருக்கு?"

வாளியில் ரத்தம் கொண்டுவந்து ஊற்றின கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"யாரு வீட்டுப் புள்ளடா அவன்?" என்றார்.

தையல்காரர் வீட்டுப் பிள்ளை என்று சொன்னேன். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.